ஃபங்க்கும் கியூபா தாளமும் கலந்த மேற்கு ஆப்பிரிக்கப் பாட்டு: புதுசா கேக்க வர்றவங்க எங்க ஆரம்பிக்கலாம்

ஆப்பிரிக்கன் மியூசிக்னு தேடினா முதல்ல வந்து நிக்கிறது ஏதோ ஒரு மெகா பிளேலிஸ்ட்டு தான், அதுல மாலியோட கோராங்கிற நரம்பு வாத்தியமும் இருக்கும், தென்னாப்பிரிக்கா கோரஸும் இருக்கும், போன வருஷம் வந்த லாகோஸ் பாப்பும் இருக்கும். பத்து பாட்டு தள்ளித் தள்ளிக் கேட்டுட்டு "நல்லா தான் இருக்கு, ஆனா ஒண்ணும் மனசுல நிக்கலையே"ன்னு மூடிடுவோம். தப்பு உங்க காதுல இல்ல. ஒரு கண்டத்தையே ஒரே மூச்சுல கேட்டா அப்படித்தான்.

அதனால இங்க ஒரே ஒரு பாதை மட்டும் சொல்றேன். 1960கள் முடியுற நேரத்துலேர்ந்து 1980களோட ஆரம்பம் வரைக்கும், மேற்கு ஆப்பிரிக்காவோட கடற்கரை ஊருங்கள்ல டான்ஸ் பாண்டுங்க வாசிச்ச பாட்டு. இதுல ரெண்டு வெளிச்சரக்கு இருக்கு. ஒண்ணு கியூபாவோட சோன், பொலேரோ, பச்சாங்கா வகையறா. இன்னொண்ணு அமெரிக்க ஃபங்க். இது ரெண்டும் அவங்க ஊர் தாளத்தோட எங்க சேருது, எங்க முட்டிக்குதுன்னு காதுக்குப் பிடிபட்டாப் போதும், மிச்சத்தை நீங்களே தேடிப் போயிடுவீங்க. முதல்ல கியூபா பக்கம், அப்புறம் ஃபங்க் பக்கம், கடைசில ரெண்டையும் ஒரே மேடைல போட்டு அடிச்ச ஒரு பாண்டு. இந்த வரிசையை மட்டும் மாத்தாதீங்க.

படி 1: மேப்பைத் திறங்க

செனகல்ல டாக்கார், நைஜீரியால லாகோஸ், பெனின்ல கோட்டோனு. லாகோஸும் கோட்டோனுவும் பக்கத்துப் பக்கத்து நாடு, ரோட்டுல சில மணி நேரம் தான், டாக்கார் மட்டும் கண்டத்தோட மேற்கு மூலைல தள்ளி இருக்கு. மூணுமே துறைமுக ஊருங்க. அது ஏன் முக்கியம்னா ரெக்கார்டு கப்பல்ல தான் வந்துச்சு. 1930கள்லயே எச்எம்வி கம்பெனி ஜிவின்னு ஒரு வரிசைல கியூபாப் பாட்டு டிஸ்க்கா போட்டு ஆப்பிரிக்காவுல வித்துச்சு, அந்த நேரத்துல உலகமே பாடிட்டு இருந்த "எல் மனிசெரோ" மாதிரிப் பாட்டெல்லாம் அந்த வழியா வீட்டு கிராமபோனுக்கு வந்து சேர்ந்துச்சு.

அதுக்கும் சில நூறு வருஷம் முன்னாடி இதே கரைலேர்ந்து கப்பல் எதிர்த்திசைல போச்சு, மனுஷங்களை அடிமையா ஏத்திக்கிட்டு. கோட்டோனுவுக்கு மேற்கே வீடான்னு ஒரு சின்ன ஊரு, அந்த வியாபாரத்துல பெரிய துறைமுகம் அது. அங்கேர்ந்து போன யொரூபா, ஃபான் ஜனங்களோட கொட்டும் சாமி பாட்டும் கியூபாவுல வேர் பிடிச்சு, ஸ்பானிஷ் கிட்டாரோட கலந்து, டிஸ்க்கா திரும்பி வந்துச்சு. டாக்கார்லயும் கோட்டோனுலயும் கேட்டவங்களுக்கு அந்த ஆட்டம் உடனே ஒட்டிக்கிச்சுன்னா அதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்ல. ஃபங்க் கதை வேற. அது 1960கள் கடைசில அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனோட டிஸ்க்கா, புதுச் செய்தியா வந்து இறங்கினது. ஒண்ணு ரொம்ப நாள் கழிச்சு ஊருக்கு வந்த சொந்தக்காரன், இன்னொண்ணு ஊரே வேடிக்கை பாக்குற புது ஆளு. பாட்டு கேக்கும்போது இந்த வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

படி 2: பாட்டு போடுறதுக்கு முன்னாடி கை தட்டுங்க

இதைத் தாண்டிப் போயிடாதீங்க, சத்தியமா ஒரு அஞ்சு நிமிஷ வேலை தான். கியூபா இசையோட முதுகெலும்பு கிளாவேன்னு ஒரு அஞ்சு அடி. கிளாவேன்னா ரெண்டு மரக் குச்சி, ஒண்ணை ஒண்ணு மேல தட்டுற குச்சி, அந்தக் குச்சில தட்டுற அடிக்கும் அதே பேரு. மேல்நாட்டு நொட்டேஷன் பாத்து இதைக் கத்துக்கப் போனா தலை சுத்தும், சொல்கட்டுல சொன்னா உடனே வந்துடும்:

தகிட தகிட தகதிமி தக தகதிமி

மூணு, மூணு, நாலு, ரெண்டு, நாலு, மொத்தம் பதினாறு. ஒவ்வொரு சொல்லோட முதல் எழுத்துல மட்டும் கை தட்டுங்க. அது ஓடிட்டு இருக்கும்போதே கால்ல சீரா நாலு தட்டு தட்டுங்க, நாலு எழுத்துக்கு ஒண்ணு. அஞ்சு கைதட்டுல முதல் அடியும் கடைசி அடியும் மட்டும் தான் காலோட சேர்ந்து விழும், நடுவுல இருக்க மூணும் காலுக்கு முன்ன பின்ன தப்பிச்சுப் போகும். அந்தத் தப்பிச்சுப் போற இடம் தான் இடுப்பை ஆட வைக்கிற இடம்.

சில பாட்டுல இதே அடி ரெண்டாவது பாதிலேர்ந்து ஆரம்பிக்கும், அதுக்காகப் பயப்படாதீங்க, கொஞ்ச நேரம் தட்டிட்டே இருந்தா எங்க உக்காருதுன்னு தெரிஞ்சிடும். பாண்டுல யாரும் தனியா குச்சி தட்டலைன்னாலும் கிட்டார், பேஸ், கோங்காங்கிற கைக்கொட்டு எல்லாம் அதை மனசுல வச்சுக்கிட்டுத் தான் வாசிப்பாங்க. இன்னொண்ணு, கானாவுல அக்ரா நகரத்துக் கடற்கரைப் பசங்க 1960கள்ல கிளப்பிவிட்ட பாம்லோகோன்னு... இல்ல, பேரு க்பான்லோகோ, வாய்ல நுழையுறதே கஷ்டம், அந்த ஆட்டத்துக்கு இரும்பு மணில அடிக்கிறதும் இதே அஞ்சு அடி தான். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே கணக்கு.

படி 3: டாக்கார், ஆர்க்கெஸ்ட்ரா பாவோபாப்

இப்ப முதல் பாட்டு. "உத்ரு ஓராஸ்". ஆல்பம் பேரு "பைரேட்ஸ் சாய்ஸ்", 1982ல ரெக்கார்ட் பண்ணினது. மெதுவான பாட்டு, ரூடி கோமிஸ் பாடுறார், போர்ச்சுகீஸ் கிரியோல் மொழில. சொல் ஒண்ணும் புரியாது, புரியணும்னு அவசியமும் இல்ல. முதல் தடவை சும்மா கேளுங்க. ரெண்டாவது தடவை தகிட தகிட சொல்லிக்கிட்டே கேளுங்க. மூணாவது தடவை கிட்டாரை மட்டும் பிடிச்சுக்கிட்டுப் போங்க.

அந்த கிட்டார் பார்த்தெலெமி அத்திசோவோடது. இவர் செனகல் ஆளே கிடையாது, டோகோ நாட்டுக்காரர், சட்டம் படிக்க டாக்கார் வந்தவர், கைச்செலவுக்காக கிட்டார் கத்துக்கிட்டு கிளப்புல வாசிக்க ஆரம்பிச்சாரு. பின்னாடி பாண்டு கலைஞ்சதும் ஊருக்குப் போய் வக்கீலா பிராக்டிஸ் பண்ண ஆரம்பிச்சு கிட்டாரைப் பல வருஷம் தொடவே இல்ல. இப்படி ஒரு கை சும்மா இருந்துச்சேன்னு எனக்கு இன்னும் ஆத்தாமை தான். அவர் வாசிக்கிறதுல அவசரமே இருக்காது, ஒரு வரி சொல்லிட்டு நிறுத்துவாரு, பாடகருக்கு இடம் விடுவாரு, திரும்ப வருவாரு. பக்கத்துல இஸ்ஸா சிசோகோவோட சாக்ஸபோன் கரகரன்னு பேசிட்டு இருக்கும்.

பாண்டு ஆரம்பிச்சது 1970ல, டாக்கார்ல கிளப் பாவோபாப்னு புதுசா தொறந்த பணக்காரங்க கிளப்புக்காக. இப்ரா காசேங்கிறவரோட மியாமி கிளப்புல வாசிச்சிட்டு இருந்த ஸ்டார் பேண்டுலேர்ந்து தான் ஆளுங்களை இழுத்தாங்க. செனகல் சுதந்திரம் வாங்கின காலத்துல ஊர்ல எல்லா பாண்டும் கியூபாப் பாட்டு தான் வாசிச்சிட்டு இருந்துச்சு, ஸ்பானிஷ் ஒரு வார்த்தை தெரியாத பாடகர்கூட டிஸ்க்கைக் கேட்டுக் கேட்டு சத்தத்தை அப்படியே பாடுவாரு. பாவோபாப் பண்ணினது என்னன்னா அதுக்குள்ள செனகலோட வொலோஃப் மொழிப் பாட்டுக் குரலைக் கொண்டு வந்தது. லாய் எம்பூப்னு ஒரு பாடகர், பரம்பரைப் பாணர் வழில வந்த குரல், தொண்டையை இறுக்கி மேல தூக்கிப் பாடுறது, கீழ கியூபா ரிதம் மெதுவா ஆடிட்டு இருக்கும். 1974ல கார் விபத்துல போயிட்டாரு.

1980கள்ல செனகல் பாடகர் யூசு என்தூரோட எம்பாலாக்ஸ்ங்கிற வேகமான டான்ஸ் பாட்டு வந்ததும் இவங்க பழைய ஆளா தெரிய ஆரம்பிச்சு, கூட்டம் குறைஞ்சு, கொஞ்ச வருஷத்துல கலைஞ்சே போச்சு. அப்புறம் பிரிட்டன்ல வேர்ல்டு சர்க்யூட்னு ஒரு கம்பெனி பழைய ரெக்கார்டைத் திரும்பப் போட, 2001ல ஒண்ணு சேந்தாங்க, 2002ல "ஸ்பெஷலிஸ்ட் இன் ஆல் ஸ்டைல்ஸ்" வந்துச்சு, அதுக்குத் தயாரிப்பாளர்ல ஒருத்தர் அதே யூசு என்தூர். கியூபாவோட இப்ராஹிம் ஃபெர்ரேரும் அதுல ஒரு பாட்டுல வந்து பாடியிருப்பாரு. முதல் ஆல்பம் பிடிச்சா இதுக்குப் போங்க, சத்தம் இன்னும் சுத்தமா இருக்கும், கிழவங்க வாசிக்கிறாங்கன்னு எங்கயுமே தோணாது.

இதுல கொஞ்ச நாள் இருங்க. அவசரமா அடுத்த படிக்கு ஓடாதீங்க, கிளாவே காதுல ஊறினாத் தான் அடுத்து வர்றது எங்க மாறுதுன்னு தெரியும்.

படி 4: லாகோஸ், ஆனா கொஞ்சமா

லாகோஸ் பாடகர் ஃபேலா குட்டி பேரை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க, நிறைய பேரு அவர்லேர்ந்து தான் ஆரம்பிக்கிறாங்க, அதனாலயே நான் இவரை ரெண்டாவது வச்சேன். காரணம் சிம்பிள், அவரோட கதை பாட்டை மூடிடும். ஆர்மி வீட்டை எரிச்சது, ஜெயில், அரசியல் எல்லாம் பெரிய விஷயம் தான், ஆனா இங்க நமக்கு வேணும்கிறது டிரம்ஸ்.

1960களோட நடுவுல சியரா லியோன்லேர்ந்து ஜெரால்டோ பினோன்னு ஒருத்தர் ஜேம்ஸ் பிரவுன் ஸ்டைல் சோல் பாட்டோட லாகோஸுக்கு வந்து ஊரையே தன் பக்கம் திருப்பினாரு. ஃபேலா அப்ப கூலா லோபிடோஸ்னு ஒரு பாண்டு வச்சு ஹைலைஃப்ங்கிற மேற்கு ஆப்பிரிக்க டான்ஸ் பாட்டும் ஜாஸும் கலந்து வாசிச்சிட்டு இருந்தாரு, பெருசா எடுபடல. 1969ல அமெரிக்கா போனாரு, லாஸ் ஏஞ்சலிஸ்ல கருப்பின அரசியல் பேசுறவங்களோட பழகினாரு, திரும்பி வந்ததும் பாட்டே மாறிடுச்சு. 1970ல ஜேம்ஸ் பிரவுனே நைஜீரியாவுக்கு வந்து வாசிச்சிட்டுப் போனாரு, அவரோட ஆளுங்க ஃபேலா கிளப்புக்குப் போய்க் கேட்டாங்க. ஃபங்க் இங்க வந்துச்சுன்னு மட்டும் நினைக்காதீங்க, திரும்பப் போகும்போது அவங்களும் கொஞ்சம் எடுத்துட்டுத் தான் போனாங்க.

கேக்க வேண்டியது "வாட்டர் நோ கெட் எனிமி", 1975. பத்து நிமிஷத்துக்கு மேல போகும், பாட்டு வாய்ல ஆரம்பிக்கிறதுக்கே நேரமாகும், பொறுமையா இருங்க. முதல்ல உண்மையான அமெரிக்க ஃபங்க் ஒண்ணைப் போட்டுக் கேட்டுட்டு இதுக்கு வந்தா நல்லது. ஜேம்ஸ் பிரவுன் பாட்டுல ஒவ்வொரு சுத்தோட முதல் அடியும் ஆணி அடிச்ச மாதிரி விழும், எல்லாரும் அந்த ஒண்ணுல வந்து சேருவாங்க. ஃபேலா பாட்டுல டிரம்மர் டோனி ஆலன் வாசிக்கிறதைக் கேளுங்க, அந்த ஆணி இருக்கும் ஆனா அவர் அதை ஓங்கி அடிக்க மாட்டாரு, வலது கை ஒரு பேச்சு, இடது கை ஒரு பேச்சு, ரெண்டு காலும் தனித்தனி பேச்சு, நாலும் ஒண்ணை ஒண்ணு இடிக்காமப் போகும். ஹை-ஹேட்டை, அதாவது காலால மூடித் திறக்குற ஜோடித் தட்டை மட்டும் கொஞ்ச நேரம் கவனிங்க, அமெரிக்க ஜாஸ் டிரம்மர் மாக்ஸ் ரோச் எழுதின ஒரு பாடத்தைப் பத்திரிகைல படிச்சுட்டு அதைத் தனியா உக்காந்து பழகினவரு இவரு. 1979ல பாண்டை விட்டுப் போனாரு, அதுக்கப்புறமும் ஃபேலா நல்ல பாட்டு போட்டாரு, ஆனா அந்த மெதுமெதுப்பு போச்சுன்னு தான் நான் சொல்லுவேன், சண்டைக்கு வர்றவங்க வாங்க.

ஃபேலாவோட மொத்த லிஸ்ட்டையும் இப்பவே இறக்கிடாதீங்க. ஒண்ணு ரெண்டு பாட்டு போதும்.

படி 5: கோட்டோனு, இங்க தான் ரெண்டும் சேருது

டி.பி. ஆர்க்கெஸ்த்ர் பாலி-ரித்மோ த கோட்டோனு. 1968ல மெலோமே கிளெமான்ங்கிறவர் ஆரம்பிச்ச பாண்டு. டி.பி.க்கு அர்த்தம் "சர்வ வல்லமை படைத்த", தன்னடக்கத்துக்கும் இவங்களுக்கும் சம்பந்தமே கிடையாது. நாட்டுக்கே அப்ப தஹோமேன்னு தான் பேரு, 1975ல தான் பெனின் ஆச்சு. 1970கள்லயும் 1980களோட ஆரம்பத்துலயும் நூத்துக்கணக்குல பாட்டு ரெக்கார்ட் பண்ணியிருக்காங்க, வெளியுலகத்துக்கு ரொம்ப நாள் இவங்க பேரே தெரியாது. ஐரோப்பாவுல முதல்முதலா மேடை ஏறினது 2009ல.

ஏன் இவங்களை இவ்வளவு தூக்கி வைக்கிறேன்னா, ஒரு பக்கம் டாக்கார் மாதிரி பொலேரோ, பச்சாங்கா வாசிப்பாங்க, அடுத்த பாட்டு ஜேம்ஸ் பிரவுன் கத்தல், அதுக்கடுத்தது அஃப்ரோபீட்னு சொல்ற ஃபேலாவோட லாகோஸ் ஸ்டைல், அதுக்கடுத்தது சுத்தமான ஊர்க் கொட்டு, எல்லாம் அதே ஆளுங்க, அதே கை. ரேடியோவைத் திருப்பினா நைஜீரியா ஒரு பக்கம், கானா ஒரு பக்கம், காங்கோ ரும்பா இன்னொரு பக்கம், பிரெஞ்சுப் பாட்டு வேற. கிளப்புக்கு வர்றவன் எதைக் கேட்டாலும் வாசிச்சாகணும். அந்தப் பொழப்பு தான் இவங்களை இப்படி ஆக்குச்சு.

அடுத்தது ஊர்க் கொட்டு. பெனின் வோதுன் வழிபாட்டோட நாடு. சாட்டோன்னு ஒரு தாளம் இருக்கு, இறந்தவங்களை நினைச்சு வருஷா வருஷம் செய்ற சடங்குல ஆள் உயர டிரம்ல அடிக்கிறது. சக்பாட்டான்னு இன்னொண்ணு, அம்மை நோயோட தெய்வத்துக்கானது. பாலி-ரித்மோ பசங்க இதையெல்லாம் எடுத்து எலக்ட்ரிக் கிட்டாருக்கும் ஆர்கனுக்கும் மாத்தினாங்க. சடங்குக் கொட்டை அப்படியே கிளப்புல வாசிக்கிறது சின்ன விஷயம் இல்ல, அதுல வெளில சொல்லக் கூடாதது நிறைய உண்டு. அன்தோவான் தூக்பேன்னு ஒருத்தர், வோதுன் தீட்சை வாங்கினவர், தன்னையே "பிசாசோட பிரதம மந்திரி"ன்னு சொல்லிக்கிட்டவர், பாட்டு எழுதி இந்த பாண்டை வச்சுத் தான் ரெக்கார்ட் பண்ணினாரு.

இப்ப வேலைக்கு வருவோம். "தி வோதுன் எஃபெக்ட்"னு 2008ல வந்த தொகுப்பை எடுங்க, அதுல "மி ஹோம்லான் தாதாலே"ங்கிற பாட்டைப் போடுங்க. போன் ஸ்பீக்கர்ல போடாதீங்க, தயவுசெஞ்சு. பேஸ் கேக்கலைன்னா இந்தப் பாட்டுல பாதி இல்ல. சாதா ஹெட்ஃபோனே போதும்.

முதல் சுத்து பேஸுக்கு மட்டும். பென்த்தோ குஸ்தாவ் வாசிக்கிறாரு. ஒரு சின்ன வரியைப் பிடிச்சுக்கிட்டு மாத்தாம சுத்துவாரு, போரடிக்கும்னு நினைக்கும்போது ஒரே ஒரு சொரத்தை மாத்துவாரு.

ரெண்டாவது சுத்து டிரம்ஸும் மணியும், லியோபோல்ட் யெஹுவெஸ்ஸி. இங்க தான் உங்க தகிட தகிட வேலை செய்யுமான்னு தட்டிப் பாக்கணும். சில பாட்டுல ஒட்டும். சில பாட்டுல ஒட்டவே ஒட்டாது, நாலு நாலா எண்ணினா கால் தடுமாறும், அங்க மூணு மூணா எண்ணிப் பாருங்க, தகிட தகிட தகிட தகிடன்னு திஸ்ரத்துல. அப்ப சட்டுனு எல்லாம் இடத்துல வந்து உக்காரும். ஊர்க் கொட்டு பாட்டைப் பிடிச்சு இழுக்குற இடம் அது.

மூணாவது சுத்து கிட்டாரும் ஆர்கனும். கிட்டார் பப்பியோன், பட்டாம்பூச்சின்னு பட்டப்பேரு. கியூபா பாட்டுல பியானோ பண்ற வேலையை, அதே சுத்திச் சுத்தி வர்ற சின்ன வரியை, இவர் கிட்டார்ல பண்ணுவாரு. ஃபங்க் பாட்டுல வெட்டி வெட்டி அடிப்பாரு. சில இடத்துல ரெண்டையும் கலந்துடுவாரு, அப்ப இது எந்த ஊர்ப் பாட்டுன்னு யாராலயும் சொல்ல முடியாது.

குரல் பத்தித் தனியா சொல்லல, அது தானா காதுல ஏறும். லோஹென்தோ எஸ்கிலும் வின்சென்ட் அஹேஹேஹின்னூவும் இந்த பாண்டுல பாடுறவங்க, அஹேஹேஹின்னூ கத்துனா கத்தல் தான்.

இந்தத் தொகுப்புல சத்தம் கொஞ்சம் கரடுமுரடா இருக்கும், அதுக்கு ஒரு கதை உண்டு. சேய்து அதிசாங்கிறவரோட அல்பாரிக்கா ஸ்டோர் கம்பெனிக்கு மட்டும் தான் ரெக்கார்ட் பண்ணுவோம்னு இவங்களுக்கு ஒப்பந்தம். அந்தக் கம்பெனிக்குப் பண்ணினதெல்லாம் பெரும்பாலும் லாகோஸ் போய் நல்ல ஸ்டுடியோல பண்ணினது. ஆனா கைல காசு வேணுமே, ஊர்ல இருந்த குட்டிக் குட்டி கம்பெனிகளுக்கு சத்தமில்லாம ஒளிஞ்சு வாசிச்சுக் கொடுத்தாங்க, யார் வீட்லயாவது உக்காந்து ஒரு சுவிஸ் நாக்ரா டேப் ரெக்கார்டரை நடுவுல வச்சு, ஒண்ணு ரெண்டு மைக்குல. "தி வோதுன் எஃபெக்ட்" அந்தத் திருட்டு ரெக்கார்டிங் தொகுப்பு. அடுத்த வருஷம் வந்த "எகோஸ் இப்னோதீக்" அல்பாரிக்கா தொகுப்பு, சுத்தமான சத்தம், ஆர்கன் நல்லா கேக்கும். எனக்குத் திருட்டு ரெக்கார்டிங் தான் பிடிக்கும், எல்லாரும் ஒரே ரூம்ல நெருக்கி உக்காந்து வாசிக்கிற சூடு அதுல இருக்கு. உங்களுக்கு இரைச்சல் ஒத்துக்காதுன்னா ரெண்டாவதுலேர்ந்து ஆரம்பிங்க, தப்பில்ல.

1980களோட ஆரம்பத்துல பப்பியோனும் யெஹுவெஸ்ஸியும் அடுத்தடுத்து இறந்து போக பாண்டு அடங்கிப் போச்சு. 2011ல வந்த "கோட்டோனு கிளப்" ஆல்பத்துல பழைய பாட்டைத் திரும்ப வாசிச்சிருக்காங்க, "க்பெட்டி மாஜ்ரோ"ல பெனின் பாடகி ஆஞ்செலிக் கிஜோ கூடப் பாடியிருப்பாங்க. அதே பாட்டோட 1970கள் ரெக்கார்டையும் இதையும் பக்கத்துல பக்கத்துல போட்டுக் கேளுங்க. புதுசுல எல்லாம் பளிச்சுன்னு கேக்கும், பழசுல தான் பயம் வரும்.

படி 6: தேடும்போது

பேரு எழுத்துக்கூட்டு தான் முதல் தலைவலி. ஆங்கில எழுத்துல ரித்மோவுக்கு ஆர், ஒய், டி, எச், எம், ஓ, ஆர்-க்கு அப்புறம் எச் கிடையாது, இங்கிலீஷ்ல ரிதம் எழுதுற பழக்கத்துல எச் போட்டுட்டா சில தளத்துல ஒண்ணும் வராது. ஒரே பாண்டு பத்து விதமான பேர்ல பதிவாகியிருக்கும், பாடகர் பேரை முன்னாடி போட்டு, டி.பி. இல்லாம, சும்மா பாலி-ரித்மோன்னு மட்டும். எல்லாத்தையும் தட்டிப் பாருங்க.

அப்புறம் ஒரு உருப்படியான விஷயம். அந்தக் காலத்துச் சின்ன டிஸ்க்குல பாட்டு பேருக்குப் பக்கத்துலயே தாள வகையை அச்சடிச்சிருப்பாங்க, ஜெர்க், அஃப்ரோபீட், பச்சாங்கா, சாட்டோ, கவாச்சான்னு. யூடியூப்ல பழைய டிஸ்க் லேபிள் படம் போட்டிருந்தா ஜூம் பண்ணிப் பாருங்க. ஜெர்க்னா ஃபங்க் பக்கம், பச்சாங்கா பொலேரோன்னா கியூபா பக்கம், சாட்டோன்னா சடங்குக் கொட்டு பக்கம், கவாச்சான்னா காங்கோ பக்கம். பாட்டைக் கேக்காமயே எந்தத் தாளத்துல தட்டணும்னு பாதி தெரிஞ்சிடும்.

காசு கொடுத்து வாங்குற எண்ணம் இருந்தா பாட்டு விக்கிற பேண்ட்கேம்ப் தளத்துல அனலாக் ஆஃப்ரிக்காங்கிற கம்பெனியைத் தேடுங்க, மேல சொன்ன ரெண்டு தொகுப்பும் அவங்க போட்டது தான். அதை நடத்துற சாமி பென் ரெஜேப் கோட்டோனுவுக்கே போய் பழைய கலைஞர்களைத் தேடிப் பிடிச்சு, பேசி, உரிமை வாங்கிப் போட்டவரு, கூட வர்ற புக்லெட்ல போட்டோவும் பேட்டியும் நிறைய இருக்கும். வினைல் ஆசை இப்பவே வேண்டாம், பழைய ஒரிஜினல் டிஸ்க் விலை கேட்டா தூக்கம் போயிடும்.

படி 7: அங்கேர்ந்து எங்க போலாம்

கியூபா பக்கம் பிடிச்சவங்க கினியாவுக்குப் போங்க, பெம்பேயா ஜாஸ். 1958ல சுதந்திரம் வாங்கினதும் ஜனாதிபதி செகு தூரேவோட அரசாங்கம் பழைய ஐரோப்பிய ஸ்டைல் பாண்டுகளைக் கலைச்சிட்டு, மாவட்டத்துக்கு மாவட்டம் அரசு செலவுல புது பாண்டு உண்டாக்குச்சு, சில்லிஃபோன்னு அரசாங்கமே ரெக்கார்டு கம்பெனி நடத்துச்சு. செகு ஜாபாத்தேவோட கிட்டார் கேட்டா வைர விரல்னு ஏன் பேரு வந்துச்சுன்னு புரியும். பாடகர் தெம்பா கமாரா 1973ல டாக்கார்ல கார் விபத்துல இறந்தாரு, அதுக்கு முன்னாடி உள்ளதைக் கேளுங்க.

மாலி கதை இன்னும் சுவாரசியம். 1964ல பத்து மாலிப் பசங்களை இசை படிக்கச் சொல்லி ஹவானாவுக்கே அனுப்பிட்டாங்க, அங்கயே பாண்டு ஆரம்பிச்சு லாஸ் மராவியாஸ் த மாலின்னு பேரு வச்சாங்க, வயலினும் புல்லாங்குழலும் அப்படியே கியூபா சரங்கா ஸ்டைல்.

ஃபங்க் பக்கம் பிடிச்சவங்க கானா, எபோ டெய்லர். "ஹெவன்"னு ஒரு பாட்டு, அதோட பித்தளை வாத்திய வரியை 2010ல அமெரிக்கப் பாடகர் அஷர் தன் பாட்டுல எடுத்துப் போட்டாரு. கானாவுலேர்ந்து இன்னொரு தேதி, 1971 மார்ச் 6, அக்ரா பிளாக் ஸ்டார் சதுக்கத்துல சோல் டு சோல் கச்சேரி, வில்சன் பிக்கெட்டும் டினா டர்னரும் வந்தாங்க, சாண்டானாவும் வந்தாரு. சாண்டானாவோட "ஜிங்கோ" நைஜீரியாக்காரர் பாபதுண்டே ஒலதுஞ்சியோட கொட்டுப் பாட்டுங்கிறதை ஞாபகம் வச்சுக்கிட்டு அந்தக் கச்சேரி வீடியோவைப் பாருங்க.

கடைசியா ரெண்டு பேரு. நோனாஸ் பெத்ரோ, பெனின்காரர், "லா மியூசிகா அன் வெரித்தே"ன்னு ஒரு பாட்டு, "லெஜண்ட்ஸ் ஆஃப் பெனின்" தொகுப்புல இருக்கு. இவர் பின்னாடி 1990கள்ல ஆஃப்ரிக்காண்டோங்கிற குழுவுல சேந்தாரு, ஆப்பிரிக்கப் பாடகர்களையும் நியூயார்க் சல்சா வாத்தியக்காரங்களையும் ஒண்ணா உக்கார வச்சு ரெக்கார்ட் பண்ணின குழு அது, ஹவானாவுக்குப் படிக்கப் போனவங்கள்ல ஒருத்தரான பொன்கானா மைகா தான் அதுக்கு இசை அமைச்சவர். கல்யாண வீட்ல போட்டாலும் எல்லாரும் எந்திரிச்சு ஆடுற மாதிரிப் பாட்டு, சத்தம் பளபளன்னு இருக்கும். அதனாலயே அதை முதல்ல கேட்டுடாதீங்க, அப்புறம் நாக்ரா டேப் ரெக்கார்டர் இரைச்சலுக்குள்ள நுழைய மனசு வராது.